ஆளில்லாத கூடத்தில் இரண்டாயிரம் மூச்சு

பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபத்துக்குள் இரண்டாயிரம் பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மெஹ்விஷ் கண்ணாடியைக் கழற்றினாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். இரண்டாயிரம் பேரும் அப்படியே இருந்தார்கள். போதாக்குறைக்கு இன்னும் நூறு பேர் வந்து சேர்ந்திருந்தார்கள்.

"சார், மண்டபத்துல இப்ப யாராச்சும் இருக்காங்களா?"

பக்கத்து மேஜையில் புகழேந்தி எலுமிச்சை சாதத்தில் கை வைத்திருந்தார். வேங்கிக்காலில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த இரண்டு அறை ஆபீஸ் அவருடையது. ஒரு கட்டடத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டி, அதில் வெயில் அடிக்க வைத்து, ஆட்களை நடமாட விட்டு, ஏசி எவ்வளவு கரன்ட் தின்னும் என்று முன்கூட்டியே சொல்லும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அங்கே யார் இருக்கப் போகிறார்கள், சாவி முதலாளி இடுப்பில் அல்லவா தொங்குகிறது என்றார் புகழேந்தி. சொல்லிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார். வாய்க்குப் போய்க்கொண்டிருந்த சாதம் பாதி வழியில் நின்றது.

விஷயம் இதுதான். வேங்கிக்காலைத் தாண்டிப் புதிதாக எழும்பியிருந்த கவிநிலா மகாலுக்கு அவர்கள் ஒரு மூக்கு வைத்திருந்தார்கள்.

ஏசி மண்டபம் என்றால் வெளிக்காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் விடுகிற மூச்சே கூட்டத்துக்குத் தலைவலி கொடுக்கும். ஆனால் இந்த ஊர் வெயில் காற்றை அள்ளி உள்ளே விட்டால், அதைக் குளிர வைப்பதற்குள் ஏசி நாக்கைத் தள்ளிவிடும். ஆகவே ஆள் வந்தால் காற்று, ஆள் போனால் காற்றும் போகட்டும் என்று ஓர் ஏற்பாடு. கூடத்துக் காற்றை ஏசி திரும்ப இழுக்கும் வாய்கள் மேடைக்கு இரண்டு பக்கமும் தரையோரமாக இருந்தன. அந்த வாய்க்குள் ஒரு சென்சார். ஜனங்கள் மூச்சில் விடும் கரியமில வாயுவை அது மோந்து பார்க்கும். வாயு ஏறினால் வெளிக்காற்றை இழுக்கும் ஃபேன் வேகம் பிடிக்கும். இறங்கினால் ஃபேன் தூங்கப் போகும். மூக்கு மோந்ததை ஆள் கணக்காக மாற்றி ஆபீஸ் திரையில் காட்டும்படி மெஹ்விஷ் செய்து வைத்திருந்தாள்.

மண்டப முதலாளி சக்கரவர்த்திக்கு இந்த மூக்கில் துளி நம்பிக்கை இல்லை. சின்னக்கடைத் தெருவில் பழைய மண்டபத்தைக் காலம் காலமாக நடத்தியவர். ஃபேன் போட ஓர் ஆள், நிறுத்த ஓர் ஆள், இதில் மிஷினுக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி. முதல் நிகழ்ச்சி அவருடைய ஒரே மகள் கவிநிலாவின் ரிசப்ஷன். அதை வைத்தே அவர் ஒரு பந்தயம் போட்டிருந்தார்.

"எப்ப கூட்டம் ஏறும், எப்ப இறங்கும்னு உன் சாஃப்ட்வேர்ல முன்னாடியே கோடு போட்டுக் குடும்மா. மிஷின் கோடு உன் கோட்டு மேலயே ஓடுச்சுன்னா மூக்கு இருக்கட்டும். இல்லைன்னா கல்யாணம் முடிஞ்ச கையோட கழட்டி உங்க கையில குடுத்துடுவேன்."

மூக்கு போனால் மெஹ்விஷின் நாற்காலியும் போகும். அதுவரை ஏசிக் காற்று போகும் குழாய்களுக்கு டக்ட் படம் வரைந்துகொண்டிருந்தவளை, இந்த ஒரு வேலை வரைக்கும் பார்ப்போம் என்றுதான் புகழேந்தி மாடல் போட உட்கார வைத்திருந்தார். ஒரு முழு மண்டபத்தையும் அதன் ஜனங்களோடு கம்ப்யூட்டருக்குள் ஓட விட்டுப் பார்த்த பிறகு, மறுபடி தகரக் குழாய்களைச் சதுரம் சதுரமாக வரைய யாருக்கு மனசு வரும்?

அதனால் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாள். சாஃப்ட்வேரிலேயே தயாராக ஒரு விழாக் கூடத்தின் நேர அட்டவணை இருந்தது. அதில் ஜனங்கள் சொன்ன நேரத்துக்கு வந்து, ஒழுங்காக உட்கார்ந்து, சொன்ன நேரத்துக்குப் போனார்கள். அது எந்த நாட்டுக் கூடமோ, மெஹ்விஷ் முதல் வேலையாக அதை அழித்தாள். அழைக்காத கல்யாணங்களுக்கெல்லாம் போய் ஓரமாக நின்று கூட்டத்தை வேடிக்கை பார்த்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறியதுமே பாதிப் பேரின் கண் சாப்பாட்டுக் கூடத்துப் படிக்கட்டில் இருக்கிறது. கையில் கவரைத் திணித்து, போட்டோவுக்குச் சிரித்து, நேராகப் பந்திக்கு. பந்தியிலிருந்து நேராக பஸ்ஸுக்கு. கூட்டம் ஏறுவது நிதானமாக. இறங்குவது தொபுக்கடீரென்று. கோட்டை அப்படியே போட்டிருந்தாள்.

இப்போது, ரிசப்ஷனுக்கு முதல் நாள் பட்டப்பகலில், காலிக் கூடத்தில் இரண்டாயிரம் பேர்.

புகழேந்தி கை கழுவாமலே சக்கரவர்த்திக்கு போன் போட்டார். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன், திறந்து பார்த்துச் சொல்கிறேன் என்றார் அவர். போனை வைக்கவில்லை. சாவி சத்தம் கேட்டது. கதவு சத்தம் கேட்டது. பிறகு எதுவுமே கேட்கவில்லை.

•

இருவரும் ஏறிய ஸ்கூட்டர் மண்டப வாசலில் போய் நின்றபோது சக்கரவர்த்தி செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, படியில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

நடந்ததை அவர் கிசுகிசுப்பாகச் சொன்னார். பூட்டைத் திறந்தாராம். உள்ளே ஈ காக்கை இல்லையாம். ஆனால் ஃபேன் மட்டும் கல்யாணக் கூட்டத்துக்கு ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்ததாம். மேடைக்குக் கிட்டே போனபோது, சில்லென்று ஏதோ ஒன்று அவர் பாதத்தைத் தொட்டுவிட்டுப் போனதாம்.

"சித்தருங்க வந்துட்டுப் போயிருக்காங்க" என்றார்.

சித்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் மலையைச் சுற்றுகிறார்கள் என்பதில் இந்த ஊரில் யாருக்கும் தகராறு இல்லை. கல்யாண மண்டபத்துக்குள் வருவார்களா என்பதைத்தான் இதுவரை யாரும் யோசித்ததில்லை.

மெஹ்விஷ் போனில் கூடத்து அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசில் ஓடியதை வாய்விட்டுச் சொன்னது அவள் செய்த தப்பு.

"சூடு ஏறவே இல்லை சார். ரெண்டாயிரம் பேர் நின்னா உடம்புச் சூட்டுலயே கூடம் அடுப்பாட்டம் ஆயிருக்கணும். இது கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கு. மூச்சு இருக்கு, உடம்பு இல்லை."

சக்கரவர்த்தி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "நான் சொன்னா நம்ப மாட்டீங்க. உங்க மிஷினே சொல்லுது பாருங்க."

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி ரேணுகாம்பாள் தாம்பூலப் பை மூட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். புருஷன் செருப்பில்லாமல் நிற்பதைப் பார்த்து என்ன என்று கேட்டாள். முழுக் கதையையும் கேட்டாள். மூட்டையைக் கீழே வைத்தாள்.

"சித்தருங்கன்னா மூச்சை அடக்கினவங்கன்னு சொல்லுவாங்க. அவங்க எதுக்குங்க ரெண்டாயிரம் பேரு மூச்சை விடப் போறாங்க?"

சக்கரவர்த்தி அசரவில்லை.

"மலையைச் சுத்திட்டு நேரா இங்க வந்திருப்பாங்க. பதினாலு கிலோமீட்டரு. மூச்சு வாங்காதா?"

புகழேந்தி அவசரமாக ஒரு தூணுக்குப் பின்னால் போய் இருமினார்.

•

மெஹ்விஷ் தனியாகக் கூடத்துக்குள் போனாள். மூச்சு உண்டு, உடம்பு இல்லை, குளிர் உண்டு. குளிராக இருந்துகொண்டு கரியமில வாயு விடுகிற பிராணி எது?

மேடைக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்பளத்தைத் தொட்டாள். ஈரம். ஏசி இழுக்கும் வாயின் கம்பிகளிலும் முத்து முத்தாக ஈரம். ஈரம் போன வழியே அவளும் போனாள். அது மேடையைச் சுற்றிப் பின்பக்க அறைக் கதவில் முடிந்தது. கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு. அந்தச் செருப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஃபைசான் பாய், திறங்க. செருப்பை வெளிய விட்டுட்டு ஒளிஞ்சா எப்படி?"

ஃபைசான் அவள் பெரியப்பா மகன். ரமணாசிரமம் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்களுக்குச் சரவிளக்கு கட்டித் தொழிலை ஆரம்பித்து, இப்போது ஊரில் பாதி ரிசப்ஷன் மேடைகள் அவன் கைவண்ணம். கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. முதலில் வெள்ளைப் புகை வந்தது. அப்புறம் நடுங்கிக்கொண்டே ஃபைசான் வந்தான். பின்னால் ஒரு தெர்மோகோல் பெட்டி, வெந்நீர் டிரம், முழங்கால் உயரத்துக்கு மேகம்.

"ட்ரை ஐஸா?"

"மெல்ல பேசு மெஹ்வி. கவிநிலாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

கவிநிலாவுக்கு மேகத்தில் மிதந்து மேடைக்கு வர வேண்டுமாம். அப்பாவுக்குத் தெரியவே கூடாதாம். தெரிந்தால் வேண்டாம் என்பார், அதைவிட முக்கியம், அந்த நேரத்தில் அவர் முகம் எப்படிப் போகிறது என்று அவளுக்குப் பார்க்க வேண்டுமாம். பின்கதவுச் சாவியை அவளே திருட்டுத்தனமாகக் கொடுத்திருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் பூனை மாதிரி வந்து ஒத்திகை பார்த்திருக்கிறான் ஃபைசான். முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு அறைக்குள் பூட்டிக்கொண்டிருக்கிறான்.

மெஹ்விஷ் முதலில் அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டாள். பிறகுதான் பேசினாள். இது ஐஸே இல்லை, உறைய வைத்த கரியமில வாயு என்றாள். மூச்சில் நாம் விடுகிற அதே சரக்கு, கட்டி கட்டியாக. வெந்நீரில் போட்டால் இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட மாதிரி. அது கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து நேராக மண்டபத்தின் மூக்குக்குள் போய்விட்டது.

"ஃபேக்டரிக்காரன் இதெல்லாம் சொல்லவே இல்லையே" என்றான் ஃபைசான்.

"சின்ன ரூம்ல இதோட பூட்டிக்கிட்டு உக்காந்தா மூச்சு முட்டிடும், நாளைக்கு மேடை போட வேற ஆளைத் தேடணும் பாய். உங்களைத் தூக்குறதுக்கும் நாலு ஆள் வேணும்."

ஃபைசானுக்கு இப்போதுதான் நிஜமாகவே நடுங்கியது. பிறகு அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவளுடைய பந்தயம் குடும்பம் முழுக்கத் தெரிந்த கதை. நீ ஒரு வார்த்தை சொல், பெட்டியோடு கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறேன், கவிநிலாவிடம் ஏதாவது பொய் சொல்லிக்கொள்கிறேன் என்றான்.

கொட்டிவிடுங்கள் என்ற வார்த்தை மெஹ்விஷின் நாக்கு நுனி வரை வந்தது. அவளுடைய கோட்டில் மேகம் கிடையாது. மேகம் வந்தால் கோடு காலி. நாற்காலி காலி.

"வேணாம் பாய்" என்றாள். "கல்யாணத்துல மேகம் வருதுன்னா மாடல்லயும் மேகம் வரணும். ஆனா இன்னைக்குப் போட்டதுல பாதிதான் போடணும். எவ்ளோ நேரம் புகையும்?"

"ஏழரைக்கு ஆரம்பிச்சு, ஒரு பாட்டு முடியுற வரைக்கும்."

•

ஆபீஸுக்குத் திரும்பியதும் புகழேந்தியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். சாஃப்ட்வேரில் மேகம் என்று ஒரு சாமான் கிடையாது. அவசரத்தில் மெஹ்விஷ் அதற்குப் பதிலாக, ஒரு பாட்டு நேரத்துக்கு ஆயிரம் ஆட்களைக் கூட்டிப் போட்டாள். ஆயிரம் பேர் விடும் மூச்சு, கணக்கு சரிதானே?

சாஃப்ட்வேர் சொன்னதைச் செய்கிற பிள்ளை. ஆயிரம் பேரையும் உள்ளே விட்டு, அவர்கள் உடம்புச் சூட்டையும் வேர்வையையும் சேர்த்தே விட்டது. திரையில் கூடம் கொதித்தது. ஏசி கையை விரித்தது. மணப்பெண் மேடையிலேயே உருகியிருப்பாள்.

"மேகத்துக்கு வேர்க்குது பாரு" என்றார் புகழேந்தி.

மெஹ்விஷ் தலையில் அடித்துக்கொண்டு ஆயிரம் பேரையும் வெளியே அனுப்பினாள். சூடில்லாத, வேர்வையில்லாத, வெறும் வாயுவை மட்டும் விடுகிற ஒன்றைத் தனியாக வைத்தாள். எத்தனை கிலோ, எவ்வளவு நேரம் என்று கொடுத்து ஓட விட்டாள். கோடு நிதானமாக ஏறியது. ஏழரைக்குச் சட்டென்று ஒரு மேடு தட்டியது. ஃபேன் சீறிப் புதுக்காற்றை இறக்க, மேடு கரைந்தது. அப்புறம் பந்திக்குக் கூட்டம் போக, கோடு தொபுக்கடீரென்று கீழே. அவ்வளவு அழகான கோட்டை அவள் அதுவரை போட்டதில்லை. நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள்.

சாயங்காலம் கோட்டைச் சக்கரவர்த்தியின் போனுக்கு அனுப்பினாள். உடனே கூப்பிட்டார்.

"இது இன்னாம்மா நடுவுல, காளைமாட்டுக்குத் திமில் மாதிரி?"

மெஹ்விஷ் உதட்டைக் கடித்தாள். சத்தியம் ஃபைசானுடையது. உடைக்க அவளுக்கு உரிமை இல்லை.

"அதை இப்ப சொல்ல முடியாது சார். நாளைக்கு நீங்களே பாப்பீங்க."

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது. "எத்தனை மணிக்கு?"

"ஏழரைக்கு."

"ஏழரை" என்று மந்திரம் மாதிரி ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சக்கரவர்த்தி வைத்துவிட்டார். இந்தக் கோட்டில் இனி ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது என்று பின்னாலேயே ஒரு மெசேஜ் வந்தது.

மறுநாள் காலைக்குள் அந்த ஏழரை சக்கரவர்த்தியின் போனிலிருந்து கிளம்பி ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. புகழேந்திக்கு மூன்று வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருந்தது. ஆபீஸில் சத்தமாகப் படித்தார். கவிநிலா மகாலில் இன்று மாலை ஏழரை மணிக்குச் சித்தர்கள் அரூப தரிசனம். அறிவியல்பூர்வமாக உறுதி செய்யப்பட்டது. பகிரவும்.

"அறிவியல்பூர்வமா உறுதின்னா, அது நீதான்மா" என்றார்.

•

ஏசி கட்டுப்பாட்டு அறை மேடைக்கு எதிரே, மாடியில், கண்ணாடி ஜன்னலோடு இருந்தது. மெஹ்விஷ் திரையில் இரண்டு கோடுகளை விட்டிருந்தாள். நீலம் அவள் போட்டது. சிவப்பு மூக்கு போடுவது.

கீழே கூட்டம் பொங்கிக்கொண்டிருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன்கள் சொன்னபடி வந்தன. சொல்லாத வேன்களும் வந்தன. செங்கம் ரோட்டு கெஸ்ட் ஹவுஸ் வெள்ளைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நடுவழியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர்கள் மூச்சை ரொம்பச் சிக்கனமாக விட்டார்கள். மாடலுக்கு அவர்களால் தொந்தரவு இல்லை. ஒரு பெரியவர் கையில் கற்பூரத்தைப் பார்த்ததும் புகழேந்தி படியில் உருண்டு புரளாத குறையாக ஓடிப் போய் வாங்கி வந்தார். கற்பூரம் எரிந்தாலும் அதே வாயுதான்.

சிவப்பு நீலத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறியது. ஃபேன் அதைப் புரிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கியது. சிவப்பு அடங்கி வந்து நீலத்தோடு ஒட்டிக்கொண்டது. மெஹ்விஷ் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு விரலைக் கடிக்க ஆரம்பித்தாள்.

ஏழரை. விளக்குகள் அணைந்தன. பாட்டு எழுந்தது.

மேடையின் இரண்டு பக்கமிருந்தும் மேகம் புறப்பட்டது. அரக்குப் பட்டில் கவிநிலா அதற்குள்ளிருந்து வந்தாள். கால் தெரியவில்லை. நடப்பதாகவே தெரியவில்லை. கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தது. மூக்கு வாயுவை மோந்தது, ஃபேன் சீறியது, சிவப்புக் கோடு எகிறியது. திரும்ப இழுக்கும் வாய்கள் மேகத்தை இரண்டு ஓரமும் ஆறாக இழுத்தன. இடது ஓரத்தில் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்த சக்கரவர்த்தி இடுப்பு வரைக்கும் காணாமல் போனார். கையெடுத்துக் கும்பிட்டார். சித்தர்களைக் கும்பிடுகிறாரா, மகளைப் பார்த்துக் கும்பிடுகிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. கன்னமெல்லாம் கண்ணீர். கவிநிலா அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மிதந்து போனாள்.

திரையில் நீலத் திமிலின் மேல் சிவப்புத் திமில், தைத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது.

மெஹ்விஷ் குதித்தாள். புகழேந்தியும் குதித்தார். அவர் குதித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பாட்டு முடிந்தது. மேகம் கரைந்தது. நீலக் கோடு கீழே இறங்க ஆரம்பித்தது.

சிவப்பு இறங்கவில்லை.

மெஹ்விஷ் ஜன்னலுக்கு ஓடினாள். கீழே ஒரு தலைகூட அசையவில்லை. வந்துபோனதுதான் சித்தர்களா, இனிமேல்தான் வருவார்களா? யாருக்கும் தெரியவில்லை. எழுந்து போன நேரத்தில் வந்துவிட்டால்? படிக்கட்டு காலியாகக் கிடந்தது. அதன் அடியில் சமையல்காரர் கரண்டியோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் பந்திக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு கல்யாணத்தை மெஹ்விஷ் எந்த மண்டபத்திலும் பார்த்ததில்லை. நீலம் பாதாளத்துக்குப் போயிற்று. சிவப்பு மலை மேலேயே நின்றது.

"கீழ போய் மைக்ல சாப்பாடு ரெடின்னு ஒரு வார்த்தை சொல்லிடு. எல்லாம் எழுந்துடுவாங்க. கோடு சேர்ந்துக்கும்" என்றார் புகழேந்தி.

அவள் வாசல் வரைக்கும் போனாள். நின்றாள்.

"கூட்டத்தைப் பாத்துத்தான் சார் கோடு போடணும். கோட்டைப் பாத்துக் கூட்டத்தைத் தள்ளக் கூடாது."

"அப்ப உன் நாற்காலி?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. ஈர வேட்டியோடு சக்கரவர்த்தி. கண்கள் இன்னும் சிவந்திருந்தன. நேராகத் திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ரெண்டும் பிரிஞ்சுடுச்சே."

இனி மறைக்க ஒன்றுமில்லை. மெஹ்விஷ் எல்லாவற்றையும் சொன்னாள். திமில் கவிநிலாவின் மேகம். நேற்று உங்கள் காலைத் தொட்டதும் மேகம்தான். எல்லோரும் பந்திக்குப் போவார்கள் என்று கோடு போட்டேன், நீங்கள் சித்தர்கள் வருவதாகச் சொல்லிவிட்டீர்கள், யாரும் போகவில்லை.

சக்கரவர்த்தி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப சித்தருங்க வரவே இல்லியா?"

"அது எனக்குத் தெரியாது சார். வந்திருந்தாலும் என் சென்சார்ல தெரியாது. அம்மா சொன்னாங்களே, மூச்சை அடக்கினவங்கன்னு."

அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். பழைய மண்டபத்தில் இவ்வளவு கூட்டம் சேர்ந்திருந்தால் இந்நேரம் பொம்பளைகள் பத்திரிகையால் விசிறிக்கொண்டு, குழந்தைகள் அலறி, இரண்டு பேர் மயக்கம் போட்டிருப்பார்கள் என்றார், தனக்குத்தானே. இங்கே மடியில் கிடந்த பிள்ளைகள் அசந்து தூங்கின. தலைக்கு மேலே ஃபேன் மட்டும் விடாமல் உழைத்துக்கொண்டிருந்தது.

அப்போது மைக் கரகரத்தது. ரேணுகாம்பாள். அவளை யாரும் அனுப்பவில்லை. சமையல்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே மேடை ஏறியிருந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கங்க. சித்தருங்களுக்குப் பசிக்காது. உங்களுக்குப் பசிக்கும். பிரியாணி ஆறிட்டு இருக்கு. அப்பால கம்மியாயிடுச்சு, தீர்ந்துடுச்சுன்னு என்னைச் சொல்லாதீங்க."

மொத்தக் கூடமும் ஒரே ஆளாக எழுந்தது. வெள்ளைக்காரர்கள்தான் முதலில் படிக்கட்டைப் பிடித்தார்கள்.

சிவப்புக் கோடு விழுந்தது. தொபுக்கடீர்.

மெஹ்விஷ் அந்த விழுகிற சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ பார்த்த சரிவு. சட்டென்று குனிந்து, நீலக் கோட்டின் வாலை மட்டும் பிடித்து வலது பக்கமாக இழுத்தாள். இழுத்துக் கொண்டுவந்து சிவப்பின் மேல் விட்டாள். நீலம் காணாமல் போயிற்று. திரையில் ஒரே கோடுதான் இருந்தது.

சக்கரவர்த்தி மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தார்.

"அதே கோடுதான்."

"ஆமா சார். லேட்டு."

"எவ்ளோ லேட்டு?"

"நீங்க குரூப்ல போட்ட சித்தர் மெசேஜ் அளவுக்கு."

அவர் மீசைக்குள் சிரிப்பு வந்தது. கோட்டுக்குள் தன்னைப் போடாமல் விட்டது இந்தப் பெண் பண்ணின தப்பு, மத்ததெல்லாம் தன் தப்பு என்று தீர்ப்புச் சொன்னார்.

"மூக்கு இருக்கட்டும்" என்றார். எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். அதற்குள் அவர் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். முகம் மாறியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு மெஹ்விஷ் பக்கம் திரும்பினார். போளூர் பார்ட்டியாம். சித்தர்கள் வந்த மண்டபம்தானே என்று கேட்கிறார்களாம். ஆவணியில் முகூர்த்தமாம்.

"இல்லைன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டார், பரிதாபமாக.

"மேகம் வந்த மண்டபம்னு சொல்லுங்க சார். திமிலோட கோடு போட்டுத் தரோம்."

அவர் சொல்லிக்கொண்டே வெளியே போனார். போளூர்க்காரருக்கு முதல் நாள் பாதத்தைத் தொட்ட குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வது மாடி முழுக்கக் கேட்டது.

புகழேந்தி கம்ப்யூட்டரை மூடினார். கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல், ஏதோ ஆபீஸ் சாமான் வாங்குவதைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார்.

"திங்கக்கிழமை டக்ட் படம் வரைய வேற ஆளைப் பாக்கணும்."

மெஹ்விஷுக்கு அர்த்தமாக ஒரு விநாடி ஆயிற்று. ஆனதும் அங்கே நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே இரண்டிரண்டு படியாக இறங்கினாள். கீழ்ப்படியில் பந்திக்குப் போகும் கூட்டம் அவளை அப்படியே அள்ளிக்கொண்டு போயிற்று. நடுவில் ஃபைசான் ஒரு கையில் வெந்நீர் டிரம்மோடு எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்தான். என்ன ஆச்சு என்று தூரத்திலிருந்தே கண்ணால் கேட்டான். அவள் இரண்டு கையையும் தூக்கிக் காற்றில் ஒரு திமில் வரைந்து காட்டினாள். அது பெரிய திமிலாக இருந்தது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த கீழ்பென்னாத்தூர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, அவள் சாமி ஆடுகிறாள் என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு வழிவிட்டாள்.